பால் பத்தலையா, தராசு சரியில்லையா?

வாசகியர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: மதுரைப் பக்கம் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர்

கேள்வி: என் மகளுக்கு இப்போது 80 நாள். சுகப்பிரசவம். பிறந்தபோது 2 கிலோ 700 கிராம் இருந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 2 கிலோ 520. 45-ஆம் நாள் ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது 3 கிலோ 750. 75-ஆம் நாள் ஊசியைத் தனியார் கிளினிக்கில் போட்டோம்; அங்கே 4 கிலோ 250 தான் காட்டியது. "மாசம் ஒரு கிலோ ஏறணும், அரைக் கிலோதான் ஏறியிருக்கு, உன் பால் தண்ணியா இருக்கு" என்கிறார் மாமியார். நாத்தனார் பிள்ளை பவுடர் பால் குடித்தே இரண்டரை மாதத்தில் 6 கிலோ. நான் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு பக்கம் பத்து நிமிஷம், மறு பக்கம் பத்து நிமிஷம் என்று கணக்காகக் கொடுக்கிறேன். நடுவில் அழுதால் சூப்பான் வைப்போம், இல்லையென்றால் ஆறவைத்த வெந்நீர் இரண்டு மூன்று பாலாடை. ராத்திரி தொந்தரவே இல்லை. 9 மணிக்குத் தூங்கினால் 4 மணிக்குத்தான் எழுந்திருப்பாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஒன்றுக்குப் போகிறாள். கர்ப்பமாக இருந்தபோது தைராய்டு மாத்திரை சாப்பிட்டேன், பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிட்டேன். பவுடர் பால் ஆரம்பித்துவிடட்டுமா அம்மா?
— ஒரு வாசகி, நிலக்கோட்டை

பதில்: நல்லவேளை, எல்லாவற்றையும் எழுதினீர்கள். "பிள்ளை எடை ஏறவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒரு வரிக் கடிதங்கள்தான் எனக்கு நிறைய வரும். அவற்றுக்கு என்ன பதில் சொல்வது?

முதலில் எண்களைப் பார்ப்போம். பிறந்த சில நாளில் எந்தக் குழந்தைக்கும் கொஞ்சம் எடை இறங்கும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால்தான் கவலை. உங்கள் மகளுக்கு 180 கிராம் இறங்கியிருக்கிறது, அது ஒன்றுமில்லை. அதிலிருந்து 45-ஆம் நாள் வரை 42 நாளில் 1,230 கிராம் ஏறியிருக்கிறாள். நாளைக்கு 29 கிராம், அருமையான கணக்கு. அதற்கடுத்த 30 நாளில் 500 கிராம், அதாவது நாளைக்குப் பதினாறு, பதினேழு. முதல் மூன்று மாதத்துக்கு நாளைக்கு 20 முதல் 30 கிராம் எதிர்பார்ப்போம். ஆக, வேகம் குறைந்திருக்கிறது. எழுதி வைத்த எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

ஆனால் அந்த எண்கள் இரண்டு வெவ்வேறு தராசில் வந்தவை. புதன்கிழமை ஊசிக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஐம்பது பிள்ளைகள் வரிசையில், பாதிப் பிள்ளைகள் வீறிட்டு அழுகை, சட்டையைக் கழற்றக்கூட நேரமிருக்காது. கவுன், தொப்பி, இடுப்பில் நனைந்த துணி எல்லாமாகச் சேர்ந்து தராசில் ஏறியிருந்தால் 150 கிராம் சாதாரணமாகக் கூடிவிடும். கிளினிக்கில் துணியில்லாமல் போட்டிருப்பார்கள். அப்படியானால் 45-ஆம் நாள் நிஜ எடை 3 கிலோ 600 ஆக இருக்கலாம். அப்போது முப்பது நாளில் ஏறியது 650 கிராம், நாளைக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு. கதையே மாறிவிடுகிறது. எது உண்மை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. இந்த வாரம் ஒரு தடவை, சரியாக ஏழு நாள் கழித்து ஒரு தடவை, ஒரே தராசில், காலையில் பால் கொடுப்பதற்கு முன், உடம்பில் ஒரு நூல் இல்லாமல் போட்டுப் பாருங்கள். கிடத்துவதற்கு முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பாருங்கள். தினமும் போடாதீர்கள், ஒரு தடவை வெளிக்குப் போனாலே 50 கிராம் மாறும், அதைப் பார்த்து உங்கள் நெஞ்சுதான் அடித்துக்கொள்ளும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால், பாதிதான் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஒரு வளர்ச்சி அட்டவணை வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. நம் நாட்டிலிருந்து தில்லிக் குழந்தைகள். அதன்படி நடுக்கோட்டில் போகிற பெண்குழந்தை முதல் மாதம் ஒரு கிலோ, இரண்டாம் மாதம் 900 கிராம், மூன்றாம் மாதம் 700 கிராம் ஏறுகிறது. மாமியாரின் ஒரு கிலோக் கணக்கு அவ்வளவு தப்பில்லை, மாதம் ஏற ஏற அது குறையும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். இரண்டரை மாதப் பெண்குழந்தைக்குக் கீழ்க்கோடு, அதாவது அதற்குக் கீழே போனால் எடை குறைவு என்று சொல்கிற கோடு, சுமார் 4 கிலோ 200. உங்கள் மகள் அதை ஒட்டி நிற்கிறாள். நாத்தனார் பிள்ளையை விட்டுத் தள்ளுங்கள். அவன் எடைக்கு அவனுடைய அப்பா அம்மா உடல்வாகும் காரணம். உங்கள் மகளை அவளுடைய பழைய கோட்டோடு மட்டும் ஒப்பிட வேண்டும். பிறந்தபோது கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தவள் இப்போது அந்தக் கோட்டின் மீதே உட்கார்ந்திருக்கிறாள். அதனால் "பயப்படாதீங்க, எல்லாம் சரியாகும்" என்று எழுதி முடிக்க எனக்கு மனமில்லை. இந்த வாரமே குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். எடையையும் அங்கேயே போடலாம்.

தண்ணிப் பால் என்று ஒன்று கிடையாது. எந்தத் தாயின் பாலிலும் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். குடிக்க ஆரம்பிக்கும்போது வருவது நீர்த்தும், மார்பு காலியாகக் காலியாக வருவது கொழுப்புச் சேர்ந்தும் இருக்கும். பீய்ச்சி டம்ளரில் வைத்து, வெளுப்பாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எருமைப்பாலோடு ஒப்பிட்டால் வெளுப்பாகத்தான் தெரியும். உங்கள் வீட்டில் கொழுப்பான பாலைத் தடுப்பது கடிகாரம். பத்து நிமிஷத்தில் பிடுங்கி மறு பக்கம் வைத்தால், இரண்டு பக்கமும் முன்பாலே வயிற்றுக்குள் போகும். ஒரு பக்கத்தை அவளாக விடுகிற வரை கொடுங்கள். அது ஆறு நிமிஷமோ இருபத்தைந்து நிமிஷமோ. பிறகு மறு பக்கம் காட்டுங்கள், வேண்டுமென்றால் குடிப்பாள்.

வெந்நீரை இன்றே நிறுத்துங்கள். சிறு வயிறு, அதில் மூன்று பாலாடை தண்ணீர் போனால் அத்தனை பாலுக்கு இடமில்லை. நிலக்கோட்டைச் சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையில்லை. கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. சூப்பானையும் எடுத்து ஒளித்து வையுங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையை அங்கும் இங்கும் திருப்பி உதட்டைச் சப்புவது, இதெல்லாம்தான் பசி. அழுகை கடைசியில் வருவது. நீங்கள் அழுகைக்குக் காத்திருக்கிறீர்கள், அழுதபோது ரப்பரைக் கொடுக்கிறீர்கள். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டிய குழந்தை உங்களிடம் ஆறு, ஏழு தடவைதான் குடிக்கிறது.

ராத்திரித் தூக்கத்தைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நன்றாக எடை ஏறும் பிள்ளை ஏழு மணி நேரம் தூங்கினால் தாய்க்கு வரம். உங்கள் மகளுக்கு இப்போது அது கட்டுப்படியாகாது. பதினொன்றரைக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று எழுப்பிக் கொடுங்கள். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம்.

இனி, குடிக்கிறதைப் பார்க்கிற விதம். இதை எதிரில் இருந்து காட்டினால் இரண்டு நிமிஷத்தில் புரியும், எழுத்தில் முயற்சி செய்கிறேன். அவள் முகவாய் மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக் கூடாது. காம்பு மட்டும் வாயில் இருந்தால் உங்களுக்கு வலிக்கும், அவளுக்கு வராது. இப்போது முகவாயையே பாருங்கள். முதலில் சப்சப்பென்று வேகமாகச் சப்புவாள், அது பாலைக் கூப்பிடுவது. ஒரு நிமிஷத்தில் பால் இறங்கும். அப்போது தாடை மெதுவாக, அகலமாகத் திறக்கும், திறந்தபடியே ஒரு கணம் நிற்கும், பிறகு மூடும். அந்த நிற்கிற கணத்தில்தான் வாய் நிறையப் பால் இருக்கிறது. கூடவே தொண்டையில் "க்கூ" என்று மெல்லிய சத்தம் கேட்கும். திறந்து, நின்று, மூடினால் குடிக்கிறாள். நிற்காமல் படபடவென்று தாடை அசைந்தால் சும்மா சப்புகிறாள். அரை மணி நேரம் மார்பில் இருந்தும் நாலே நாலு வாய் குடித்த பிள்ளைகள் உண்டு. ஐந்து நிமிஷத்தில் கண் சொருகினால் மார்பைக் கையால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், பால் வாயில் பீய்ச்சும், மறுபடி விழுங்க ஆரம்பிப்பாள். சட்டையைக் கழற்றி உங்கள் தோலோடு அணைத்துக்கொண்டாலும் தூக்கம் கலையும். இறுக்கிச் சுற்றிக் கதகதப்பாக வைத்தால் தூங்கத்தானே செய்வாள்? நாக்கை நீட்ட முடியாமல் அடியில் இழுத்துப் பிடித்திருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இறைத்த கிணறு ஊறும் என்பார்கள். காலையில் இரண்டு வேளை, அவள் குடித்து முடித்த பிறகு பத்து நிமிஷம் கையால் பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து, அதைப் பாலாடையில் புகட்டுங்கள். பாட்டில் வேண்டாம். பாலாடை நம்மிடம் இருக்கிற அருமையான சாமான், கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது தைராய்டு வரிதான். அதைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தாய்க்குத் தைராய்டு குறைந்தால் பால் குறையலாம். சோர்வு, முடி கொட்டுவது, மலச்சிக்கல் எல்லாவற்றையும் "பிள்ளை பெத்த உடம்பு" என்று தள்ளிவிடுவோம். நாளைக்கே டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். அந்த மாத்திரையைப் பால் கொடுக்கும்போது தாராளமாகச் சாப்பிடலாம். தொடர வேண்டுமா, எத்தனை மைக்ரோகிராம் என்பதை டாக்டர் சொல்லட்டும். அக்கம்பக்கத்தில் யாரும் சொல்ல வேண்டாம்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பத்தியம் என்ற பெயரில் இரண்டு வேளை ரசம் சோறு, தண்ணீர் குடித்தால் வயிறு விழும் என்ற கதை உங்கள் வீட்டிலும் இருந்தால் நிறுத்துங்கள். பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிட ஐந்நூறு, அறுநூறு கலோரி கூடுதலாக வேண்டும். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு பிடித்தால் சாப்பிடுங்கள். அவை ருசி. பாலைக் கூட்டுவது பிள்ளையின் வாய்தான்.

கடைசியாக, பவுடர் பால். அதைப் பாவம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. மேலே சொன்னதை எல்லாம் செய்து, ஏழு நாள் கழித்து 150 கிராமுக்கு மேல் ஏறியிருந்தால் இதே வழியில் போங்கள். 100 கிராமுக்குக் கீழே என்றால் தாய்ப்பால் கொடுத்த பிறகு, டாக்டர் சொல்லும் அளவுக்கு, பாலாடையில் பவுடர் பாலும் கொடுங்கள். பசியோடு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கொள்கை பேச முடியாது. டப்பாவில் போட்டிருக்கிற கணக்குப்படி கலக்குங்கள். சிக்கனத்துக்காக ஒரு கரண்டி குறைத்தால் எடை ஏறாததற்கு அதுவே ஒரு காரணமாகிவிடும். ஏறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியும் விடலாம், அப்படி நிறுத்திய தாய்மார்களை நான் அறிவேன்.

நாளைக்கு ஆறு தடவையாவது துணி நன்றாக நனைய வேண்டும். உங்கள் மகளின் நாலைந்து தடவை கொஞ்சம் குறைவுதான். அதைவிடக் குறைந்து, மூன்று தடவை, இரண்டு தடவை என்று ஆனாலோ, குடிக்கும்போது நெற்றி வேர்த்து மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, ஏழு நாள் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி.

கேள்வி: பிள்ளையை அடிக்கடி எடை போட்டால் கண்பட்டு இளைத்துவிடும் என்று பாட்டி தடுக்கிறார்கள். என்ன சொல்லிச் சமாளிப்பது?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: கன்னத்தில் மை வைத்துவிட்டுப் போடுங்கள். போட்டதை வீட்டுக்கு வந்து தம்பட்டம் அடிக்காமல், தாய் சேய் நல அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டில் புள்ளியாகக் குறித்து வையுங்கள். பச்சைப் பட்டையில் இருக்கிறதா, மஞ்சளுக்கு இறங்குகிறதா என்று உங்களுக்கும் செவிலியருக்கும் தெரிந்தால் போதும். பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டால் போடட்டும், அதற்கு எடை இல்லை.

கேள்வி: என் மனைவி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மகனுக்கு நாலு மாதம். முதல் மூன்று மாதம் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஒரு கிலோவாக ஏறினான். போன மாதம் 480 கிராம்தான். அவளை வேலைக்கு வரச் சொல்லி கம்பெனியில் கேட்கிறார்கள். போனால் இன்னும் குறைந்துவிடுமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கேள்வி கேட்டதற்கே உங்களைப் பாராட்டுகிறேன் தம்பி. இந்தப் பகுதிக்கு ஆண்கள் எழுதுவது அபூர்வம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு வேகம் குறைவது இயல்பு. அதன் பின் வாரத்துக்கு 100 முதல் 150 கிராம் போதும். 480 என்பது அதற்குள் அடங்குகிறது. வேலை விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அந்தப் பணம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும். நாலாம் மாதமே கூப்பிடுகிறார்கள் என்றால் முதலில் அதைக் கேளுங்கள். வேலைக்குப் போன பிறகும், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும்.

போய்த்தான் ஆக வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, வந்து செருப்பைக் கழற்றியதும் ஒரு தடவை, ராத்திரி கேட்கும்போதெல்லாம் நேராகக் கொடுக்கட்டும். கம்பெனியில் இரண்டு தடவையாவது பீய்ச்ச வேண்டும், கீழே கொட்டினாலும் சரி. கட்டிக்கொண்டால் சுரப்பு குறையும். பீய்ச்சிய பால் வெளியில் நாலு மணி நேரம் தாங்கும். பிரிட்ஜின் உள்பக்கம் வைத்தால் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். அடுப்பில் சுடவைக்கக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். பகலில் புகட்டுகிற வேலையை உங்கள் அம்மா செய்வாரோ மாமியார் செய்வாரோ, ராத்திரி துணி மாற்றுகிற வேலை உங்களுடையது.

கேள்வி: பேரனுக்கு எட்டு மாசம். ஆறு மாசத்துல 6 கிலோ 800 இருந்தான், இப்ப 7 கிலோ 100. தாய்ப்பாலும் குடிக்கிறான். நான் மூணு வேளையும் கஞ்சித் தண்ணி, பருப்புத் தண்ணி, பிஸ்கட் கரைச்சுன்னு பார்த்துப் பார்த்துத்தான் ஊட்டுறேன். ஒட்ட மாட்டேங்குது.
— ஒரு பாட்டி, உசிலம்பட்டி

பதில்: அக்கா, உங்கள் கை பக்குவத்தில் குறையில்லை. நீங்கள் எழுதியதில் எத்தனை "தண்ணி" இருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் மட்டும் போதாது. சாப்பாட்டிலிருந்தும் சத்து வர வேண்டும். தண்ணியாகக் கொடுத்தால் வயிறு ரொம்பும், உடம்பில் ஒட்டாது. வடிகட்டுகிற துணியைத் தூக்கிப் போடுங்கள். பருப்பும் சோறும் குழைய மசித்து, கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கிற பதத்தில், ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் கொடுங்கள். நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம். முட்டையை வேகவைத்து மஞ்சள் வெள்ளை இரண்டையும் மசித்துக் கொடுக்கலாம், முள் எடுத்த மீன் கொடுக்கலாம், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கீரை. அங்கன்வாடிச் சத்துமாவை வாங்கி மாட்டுக்கு வைக்காதீர்கள், உசிலம்பட்டிப் பக்கம் நடப்பதுதான் எனக்குத் தெரியுமே! அதை உருண்டையாகவோ கெட்டிக் கூழாகவோ அவனுக்கே கொடுங்கள். பிஸ்கட் வேண்டாம். அரசு தருகிற இரும்புச் சத்து சிரப் பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள். ரத்தசோகை இருந்தாலும் பிள்ளைக்குப் பசி எடுக்காது. ஒரு மாதம் பார்த்துவிட்டு ஏறவில்லை என்றால் டாக்டர் சிறுநீரும் ரத்தமும் பார்க்கட்டும்.

கேள்வி: 34 வாரத்தில் பிறந்த மகள். பிறந்து மூன்று மாதம் ஆகிறது, 4 கிலோ 300. அட்டையில் மஞ்சளுக்குப் போய்விட்டாள். தாய்ப்பால் மட்டும்தான்.
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: அவள் ஆறு வாரம் முன்னால் வந்தவள். அட்டையில் புள்ளி வைக்கும்போது அந்த ஆறு வாரத்தைக் கழித்துக்கொண்டு, ஒன்றரை மாதக் கட்டத்தில் வையுங்கள். அங்கே 4 கிலோ 300 பச்சையில்தான் விழும். இரண்டு வயது வரை எடைக்கு இப்படியே கழித்துப் பாருங்கள். ஊசிக்கு மட்டும் கழிக்காதீர்கள், அது பிறந்த தேதிக் கணக்கு.